பத்து நாள் பூவும் அரை நூற்றாண்டுச் செடியும்

பியோனியைப் பற்றிக் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு: ஒரு செடி ஆண்டுக்கு ஒருமுறை, ஏழு முதல் பத்து நாள் மட்டுமே பூக்கிறது. பிறகு வெறும் இலைதான். உறைபனி விழத் தொடங்கியதும் அந்த இலையும் கருகி, செடி இருந்த இடமே தெரியாமல் போய்விடும். அதே பாத்தியில் பெட்டூனியாவை நட்டால் மாதக்கணக்கில் விடாமல் பூக்கும். நாள் கணக்குப் பார்த்தால் பியோனி நஷ்டம்தான். ஆனால் இந்தச் செடியை நாள் கணக்கில் அளப்பதே தவறு என்பது என் கட்சி. குளிர்நாட்டில் பெட்டூனியாவின் வாழ்க்கை ஒரே பருவத்தோடு முடிகிறது. பியோனி நட்ட இடத்திலேயே ஐம்பது ஆண்டுகள் இருப்பது சாதாரணம். நட்டவரின் ஆயுளைத் தாண்டி நிற்பவையும் உண்டு. பூவின் குறுகிய காலத்துக்கும் செடியின் நீண்ட ஆயுளுக்கும் காரணம் ஒன்றே. அது மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

தோட்டங்களில் அதிகம் வளர்க்கப்படும் பியோனி, தாவரவியலில் பியோனியா லாக்டிஃப்ளோரா எனப்படும் இனம். வட சீனமும் மங்கோலியாவும் கிழக்கு சைபீரியாவும் இதன் தாயகம். சீனர்கள் இதை ஷாவ்யாவ் என்கிறார்கள்; வேருக்காகவும் பூவுக்காகவும் நெடுங்காலமாக வளர்த்து வருகிறார்கள். லோயாங் நகருக்குப் புகழ் தேடித்தந்த முதான் என்ற மரப் பியோனி இதன் உறவுதான் என்றாலும், அதற்கு மரம்போல் நிலைக்கும் தண்டு உண்டு. மேற்கு இமயத்தின் காடுகளில் வெள்ளைப் பூப் பூக்கும் பியோனியா இமோடி நம் நாட்டு உறவு. தரைப் பியோனியான ஷாவ்யாவுக்கு நிலைத்த தண்டு கிடையாது. இலையுதிர் காலத்தில் தரைக்கு மேலே உள்ளதெல்லாம் மடிந்துவிட, அடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்குபோல் பருத்த வேர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அவற்றின் தலைப்பகுதியில் சிவந்த முளைக்கண்கள் இருக்கும். அடுத்த ஆண்டு தண்டாக எழப்போகிறவை இவையே. முந்தைய கோடை முடியும்போதே உருவாகிவிடுகின்றன. பூ உதிர்ந்தபின் நான்கு மாதம் ‘வெறும் இலை’ என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்த இலைகள்தான் வெயிலைப் பிடித்து மாவுச்சத்தாக்கி வேரில் சேர்க்கின்றன. பிறகு பல வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். அது கிடைக்காமல் கண்கள் உறக்கம் கலையா. வசந்தத்தில் மண் இளகியதும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தண்டு எழுந்து, இலை விரிந்து, ஒரு சாண் அகலப் பூவும் மலர்ந்துவிடுகிறது. முந்தைய ஆண்டின் சேமிப்பு இல்லாமல் இந்த வேகம் வராது. பூ முடிந்ததும் செடி ஓய்ந்துவிடுவதில்லை, அடுத்த ஆண்டுக்காக உழைக்கத் தொடங்குகிறது. அழகு போய்விட்டது என்று ஜூலையிலேயே இலைகளை வெட்டிவிடுகிறவர்கள் தங்கள் அடுத்த ஆண்டுப் பூவைத்தான் வெட்டுகிறார்கள்.

இப்படிச் சேமித்து வாழும் செடி எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குப் பழைய வகைகளே சாட்சி. மியெலே என்ற பிரெஞ்சுக்காரர் ‘ஃபெஸ்டிவா மாக்சிமா’ என்ற வெள்ளைப் பியோனியை 1851-இல் வெளியிட்டார். காலோ என்பவர் உருவாக்கிய ‘டுஷெஸ் த நெமூர்’ 1856-ஐச் சேர்ந்தது. நான்சி நகரத்து லெமுவான் நாற்றங்கால் நடிகை சாரா பெர்னார்டின் பெயரால் இளஞ்சிவப்பு வகை ஒன்றைத் தந்தது 1906-இல். இம்மூன்றும் இன்றும் விற்பனையில் உள்ளன; சாரா பெர்னார்ட், நெதர்லாந்தின் கொய்மலர் வயல்களில் மிகப் பெருமளவில் பயிராகும் வகை. பியோனி வகைகள் விதையிலிருந்து தாயைப்போலவே வருவதில்லை என்பதால் வேரைப் பிரித்தே பெருக்குகிறார்கள். அப்படியென்றால் இன்று ஒருவர் வாங்கும் ஃபெஸ்டிவா மாக்சிமா, 1851-இல் இருந்த அதே செடியின் ஒரு துண்டு. அமெரிக்காவின் ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோனித் தோட்டம் 1927-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றும் உச்சப் பருவத்தில் அங்கே ஏறக்குறைய 10,000 பூக்கள் ஒருசேர நிற்கின்றன. மாதக்கணக்கில் பூக்கும் எந்தப் பருவச்செடி இதற்கு ஈடு சொல்லும்?

மறுப்புகளும் லேசானவையல்ல. பத்து நாள் என்பது பத்து நாள்தானே என்று கேட்கலாம். ஒரு செடிக்கு அது உண்மை. முன்பருவம், இடைப்பருவம், பின்பருவம் என மூன்று வகைகளை நட்டால் தோட்டத்தில் பூ ஆறு வாரம் வரை நீளும். மழை பெய்தால் பூவெல்லாம் சேற்றில் தலைசாய்கிறதே என்பது இன்னும் நியாயமான குறை. ஆனால் அதைச் செடியின்மேல் போடுவது சரியல்ல. காட்டுப் பியோனிக்கு ஒற்றை வரிசை இதழும் நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்தும்தான். இதழடுக்கு வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்ததில் மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறி, தண்டு தாங்காத கனம் பூவுக்கு வந்தது. ஒற்றை இதழ் வகைகளும் ஜப்பானிய வகைகளும் மழையில் நிமிர்ந்தே நிற்கும். அழகிலும் அவை ஒரு படி மேல் என்றே நான் சொல்வேன். எறும்பு மொய்க்கிறது என்று மருந்தடிப்பதும் வீண் வேலை. மொட்டின் புற இதழ்களில் சுரக்கும் தேனுக்காக எறும்பு வருகிறது. அதனால் மொட்டுக்குக் கேடில்லை. எறும்பு வந்தால்தான் பூ விரியும் என்பதும் வெறும் நம்பிக்கை.

மெதுவாக வளர்கிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது. வேர்த்துண்டை நட்டு நிறைவான பூவைக் காண மூன்று ஆண்டு ஆகும்; விதையிலிருந்து என்றால் நான்கைந்து ஆண்டு. ஜப்பானின் தோய்ச்சி இட்டோ, மரப் பியோனியையும் தரைப் பியோனியையும் கலக்க முடியாது என்று பலர் கைவிட்ட நிலையில் 1948-இல் அதைச் சாதித்தார். 1956-இல் அவர் இறந்தபோது அந்த நாற்றுகள் இன்னும் பூத்திருக்கவில்லை. பிறர் அவற்றைக் காத்து வளர்த்ததால்தான் மஞ்சள் பூவும் உறுதியான தண்டும் கொண்ட ஒரு புதிய குலம் தோட்டங்களுக்குக் கிடைத்தது. இன்று அது இட்டோ பியோனி என்றே அழைக்கப்படுகிறது. இந்தத் தாமதம் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. அரை நூற்றாண்டு வாழப்போகும் செடிக்கு மூன்று ஆண்டு வேர்பிடிக்கும் காலம் அதிகமில்லை.

கடைசி மறுப்பு குளிரைப் பற்றியது. குளிர்காலமே இல்லாத தமிழகச் சமவெளியில் பியோனியை நடுவது வீண்; முளைத்தாலும் பூக்காது. ஆனால் குளிர்மீதான இந்தச் சார்பே அலாஸ்காவுக்கு ஒரு பிழைப்பைத் தந்திருக்கிறது. உலகின் வட பாதியில் மற்ற இடங்களில் ஜூன் மாதத்தோடு பியோனி முடிந்துவிட, தாமதமாக வசந்தம் வரும் அலாஸ்காவில் ஜூலையிலிருந்துதான் பூக்கிறது. கோடைத் திருமணங்களுக்குப் பூ கிடைக்காத அந்த இடைவெளியை நம்பியே அங்கே பண்ணைகள் முளைத்தன.

குளிர் இருந்தும் பூக்காத செடிகள் ஏராளம். பெரும்பாலும் காரணம் அக்கறை மிகுதிதான்: ஆழக் குழி தோண்டிப் புதைப்பது, ஆண்டுதோறும் தலைமேல் எருவைக் குவிப்பது. முளைக்கண்களுக்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு அதிகமாக மண் இருந்தால் இலை செழிக்கும், பூ வராது. குளிர் குறைந்த ஊர்களில் ஓர் அங்குலமே போதும். நிழலில் இருந்தாலும் இதே கதிதான். டொராண்டோ போன்ற ஊர்களில் பழைய வீட்டோடு இப்படி ஒரு செடியும் கைக்கு வந்தால் அதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. செப்டம்பர் இறுதியில் தோண்டியெடுத்து, துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண்கள் இருக்கும்படி பிரித்து, நல்ல வெயிலில் மேலாக நட்டால், மூன்றாம் ஆண்டு வாக்கில் மறுபடி பூக்கத் தொடங்கும்.