டயப்பர் பையில் துப்பாக்கி

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் தளத்தை எல்லாரும் ‘ரேஞ்ச்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே போகிறவர்களுக்கென்றே தைத்து விற்கிற பைக்கு ‘ரேஞ்ச் பேக்’ என்று பெயர். காசு கொடுத்தால் கிடைக்கும். ஆனாலும் நிறைய பேர் அதை வாங்குவதில்லை. ஒருத்தர் பிளம்பர் பையோடு வருவார். இன்னொருத்தர் கையில் மீன் தூண்டில் சாமான் வைக்கிற பெட்டி இருக்கும். வேறொருத்தர் தோளில் டென்னிஸ் மட்டைப் பை. கைக்குழந்தைக்கு டயப்பரும் பால் புட்டியும் எடுத்துப் போகிற பையில் கைத்துப்பாக்கியைக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு.

பார்த்தால் காசு மிச்சம் பிடிக்கிற சமாச்சாரம் மாதிரி இருக்கும். கொஞ்சம் உள்ளே போனால் இதில் சுவாரசியமான இயந்திரவியல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஈயம் இருக்கிறது. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட்டத்தட்ட எந்தப் பையையும் இந்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனா ஒருமுறை மாற்றிய பை பழைய வேலைக்குத் திரும்பவே கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

எடை எங்கே உட்காருகிறது?

9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். 50 தோட்டா கொண்ட பெட்டி 600 கிராம். ஒரு மதியம் பழக 200 தோட்டா எடுத்துப் போனால் 2.4 கிலோ. அதுவே .45 கலிபர் என்றால் ஒன்று சுமார் 21 கிராம். 200 தோட்டாவுக்கு நாலு கிலோ தாண்டிவிடும். துப்பாக்கி ஒரு கிலோ பக்கம். அப்புறம் காதுக்கு மஃப், கண்ணாடி, மேகசின்கள், குறி பார்க்கும் தாள்கள், அதை அட்டையில் அடிக்க ஸ்டேப்ளர், டேப், எண்ணெய், துடைக்கிற துணி, முதலுதவிச் சாமான்.

இதில் மூன்று ரகம் இருக்கிறது. சின்னதாய் ஆனால் கனமாய் இருப்பவை, பெரிசாய் ஆனால் லேசாய் இருப்பவை, அடிபடக் கூடாதவை. பள்ளிக்கூடப் பை இங்கேதான் தோற்கிறது. கனமானதெல்லாம் அடியில் போய் ஒரு மூலையில் உட்காரும். தையல் அந்த மூலையில்தான் முதலில் விடும். ஒரு தோட்டாப் பெட்டியை எடுக்க எல்லாவற்றையும் மேசையில் கொட்ட வேண்டியிருக்கும்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் பைகள் இதே சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. அவர்களுக்கும் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் என்று சின்னச் சின்ன இரும்புதான். அதனால் அடிப்பாகம் விறைப்பாக இருக்கும். வாய் அகலமாகத் திறந்து அப்படியே நிற்கும். வெளிப்பக்கம் முழுக்க அறைகள். நல்ல பையில் கைப்பிடிப் பட்டை அடிவயிற்றைச் சுற்றி ஓடும். எடையைத் தாங்குவது பட்டைதான், தையல் இல்லை. வாங்கும்போது பையைக் கவிழ்த்து இதை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தவர் பெட்டி

அதிகம் புழங்குகிற மாற்றுப் பெட்டி ராணுவக் கழிவு விற்பனையில் வருகிற தோட்டா டப்பா. எம்2ஏ1 என்று பெயர். .50 கலிபர் இயந்திரத் துப்பாக்கியின் 100 தோட்டாச் சரத்தை வைப்பதற்காகச் செய்த இரும்புப் பெட்டி. மூடியில் ரப்பர் வளையம் இருப்பதால் ஈரம் உள்ளே போகாது. குறை என்னவென்றால் இடம் இருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டே போகத் தோன்றும். ஆயிரம் .45 தோட்டாவை அதில் போட்டால் 21 கிலோ, டப்பாவின் எடை தனி. மெல்லிய உலோகக் கைப்பிடி உள்ளங்கையை அறுக்கும்.

தூண்டில் பெட்டியில் தட்டுத் தட்டாக அறைகள் உண்டு. திருகு, ஸ்பிரிங், துடைக்கும் பிரஷ் வைக்க அருமையான இடம். தோட்டாவைப் பிரித்து அந்த அறைகளில் கலந்து போட்டால் மட்டும் வம்பு. ஷாட்கன் ஆட்களுக்கு இது உயிர் விஷயம். 20 கேஜ் தோட்டா, 12 கேஜ் துப்பாக்கிக்குள் தவறிப் போனால் அறையைத் தாண்டி நழுவிக் குழலில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் சரியான 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே பிளந்துவிடும். இதைத் தடுக்கத்தான் 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிற உறை போடுகிற வழக்கம் வந்தது. பை எதுவாக இருந்தாலும் தோட்டா அதன் சொந்த அட்டைப்பெட்டியிலேயே இருப்பது நல்லது.

போட்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காவில் ‘புல்ஸ்ஐ’ என்கிற பழைய கைத்துப்பாக்கிப் போட்டியில் .22, சென்டர்ஃபயர், .45 என்று மூன்று பிரிவிலும் தலா 90 சுடு, மொத்தம் 270. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி, அதனால் முழுப் போட்டிக்கு ‘2700’ என்றே பெயர். பலர் சென்டர்ஃபயர் பிரிவையும் .45-ஐ வைத்தே முடித்துவிடுவார்கள். இவர்கள் சூட்கேஸ் அளவில் மரப்பெட்டி செய்து, உள்ளே துப்பாக்கிகளை நிற்க வைத்து, மூடியைத் தூக்கினால் அதிலேயே தொலைநோக்கியைப் பொருத்தும்படி ஆக்கினார்கள். 50 கஜ தூரத்தில் விழுந்த ஓட்டையைப் பார்க்க அது வேண்டும். பையும் மேசையும் ஸ்டாண்டும் ஒன்றாகிவிட்டன. கடைக்காரர்களும் இதே மாதிரிப் பெட்டி செய்து விற்கத் தொடங்கினார்கள்.

ரைஃபிள் போட்டி வேறு கதை. ஒகையோ மாநிலத்தில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. 200, 300, 600 கஜம் என்று சுடும் கோடு பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ரைஃபிள், கனத்த கோட்டு, பாய், ஸ்டூல், தொலைநோக்கி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். அதனால் கால்ஃப் வண்டியும் குழந்தைத் தள்ளுவண்டியும் உருமாறி வந்தன. ஓட்டப் பயிற்சிக்குப் போகும்போது குழந்தையை வைத்துத் தள்ளுகிற மூன்று சக்கர வண்டி இருக்கிறதே, அதன் பெரிய சக்கரம் புல்லிலும் சரளையிலும் சுலபமாக ஓடும். ‘கவ்பாய் ஆக்‌ஷன்’ ஆட்களுக்கு இரண்டு ரிவால்வர், ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன் என்று நாலு துப்பாக்கி. அவர்கள் வீட்டிலேயே மரவண்டி செய்து தள்ளிக்கொண்டு வருவார்கள்.

ரேஞ்ச் விதியும் பையும்

ரேஞ்சில் நடுநடுவே ‘சீஸ் ஃபயர்’ என்று அறிவிப்பார்கள். எல்லாரும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் திறந்த நிலையில் மேசையில் வைத்துவிட்டு, பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அப்புறம்தான் தாள் மாற்ற முன்னால் போவார்கள். அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தொடக் கூடாது. பல இடங்களில் மேசைப் பக்கமே போகக் கூடாது.

இப்ப உங்க ஸ்டேப்ளர் துப்பாக்கிப் பைக்குள்ளே இருக்கு என்று வையுங்கள். எடுக்க முடியாது. அதனால் இரண்டு பை முறைதான் சரி. துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றில். தாள், ஸ்டேப்ளர், டேப் இன்னொன்றில். இரண்டாவதுக்கு ஆசாரிகள் இடுப்பில் கட்டுகிற ஆணிப் பையே போதும்.

இன்னொன்று, குழல்வாய் எந்தப் பக்கம் என்பது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும்போதே அது குறிப்பலகைப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிற பை இதில் மோசம். குழல்வாய் இருக்கும் முனையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டினால் தீர்ந்தது. தோட்டா அறை காலி என்று காட்ட வெளிர்நிறக் கொடி ஒன்றைச் செருகி வைக்கிற வழக்கம் உண்டு. அதற்குப் புல் வெட்டும் இயந்திரத்தின் கெட்டியான நைலான் நரம்பை ஒரு துண்டு வெட்டிச் செருகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மறைப்பும் பூட்டும்

அடுக்குமாடியில் குடியிருக்கிற ஆள் ரைஃபிள் உறையோடு லிஃப்டில் நின்றால் பக்கத்து வீட்டார் பயப்படுவார்கள். துப்பாக்கி கம்பெனி முத்திரை போட்ட பை, காரை உடைக்கிற திருடனுக்கு அழைப்பிதழ். அதனால்தான் டென்னிஸ் பையும் கிடார் பெட்டியும். நியாயமான காரணம்தான்.

ஆனால் சட்டம் பையின் அழகைப் பார்ப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியைக் கொண்டுபோக 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் தருகிற பாதுகாப்பு வேண்டுமென்றால், துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. பயணிகள் உட்காரும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டேஷ்போர்டு அறை கணக்கில் வராது. விமானம் என்றால் இன்னும் கறார்: கடினமான பெட்டி, பூட்டு, செக்-இன் சாமானில் மட்டும், கவுன்டரில் சொல்லிவிட்டுத்தான். துணிப் பையில் இரண்டு ஜிப் முனையையும் சேர்த்துச் சின்னப் பூட்டுப் போடுகிற வித்தை காருக்கு உதவலாம், விமானத்துக்கு எடுபடாது.

உள்ளே வைக்கிற மெத்தையைப் பற்றி ஒரு வரி. பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சுகிற ஃபோமில் துப்பாக்கியை மாதக்கணக்கில் வைத்தால் துரு பிடிக்கும். முகாமுக்குக் கொண்டுபோகிற, தண்ணீர் ஏறாத ரப்பர் பாயை வெட்டிப் போடுவது மேல். எப்படியானாலும் பை பயணத்துக்குத்தான். வைத்துப் பூட்ட வேறு இடம் வேண்டும்.

பை வீட்டுக்குத் திரும்பும்போது

இப்போது டயப்பர் பைக்கு வருவோம். துடைத்தால் சுத்தமாகிற உள்துணி, ஏகப்பட்ட அறைகள், அகலமான வாய். வடிவத்தைப் பார்த்தால் பிரமாதமான ரேஞ்ச் பை.

சிக்கல் ஈயம். பெரும்பாலான தோட்டாக்களில் தீப்பொறி தருகிற பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. குண்டிலும் ஈயம். ஒவ்வொரு சுடுக்கும் நுண்ணிய தூசு பறந்து கை, சட்டை, செருப்பு, பை எல்லாவற்றிலும் படியும். பொறுக்கி எடுத்த காலி உறைகளைப் பையில் போட்டால் இன்னும் மோசம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2009-ல் உள்ளரங்க ரேஞ்சுகளின் ஈயம் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. குழந்தைகளின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலை. கவனிக்க வேண்டிய வரம்பை 2021-ல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள். அந்த டயப்பர் பை ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாவுக்குத் திரும்பப் போனால் என்ன ஆகும்? கழுவிட்டா சரியாப் போச்சு என்று விடுகிற சாமான் இல்லை இது. உருமாறிய தள்ளுவண்டிக்கும் சாப்பாட்டுப் பைக்கும் இதேதான்.

இரண்டாவது, மறந்துபோன தோட்டா. அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 2023-ல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் கைப்பைகளிலும் பயணிகளிடமும் பிடிபட்டன. அதில் சுமார் 93 சதவீதத்தில் தோட்டா நிரப்பியிருந்தது. பிடிபட்டவர்கள் அதிகம் சொல்கிற பதில்: “பையில் இருந்ததே ஞாபகம் இல்லை.” போன வாரம் ரேஞ்சுக்குப் போன அதே முதுகுப்பை இந்த வாரம் விமானம் ஏறுகிறது, அவ்ளோதான். 2023-ல் அபராதம் ஏறக்குறைய 15,000 டாலர் வரை போகலாம் என்று இருந்தது.

வெளிநாடு என்றால் இன்னும் பெரிய வலி. கரீபியன் பகுதியில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளுக்குச் சுற்றுலா போன சில அமெரிக்கர்கள், பையில் கிடந்த தோட்டாக்களால் 2024-ல் நீதிமன்றத்தில் நின்றார்கள். அப்போது அங்கே குறைந்தபட்சத் தண்டனையே 12 வருஷமாக இருந்தது. விதிவிலக்கான சூழல் என்று ஏற்று, தண்டனையை நிறுத்திவைத்து, அபராதம் கட்டவைத்து அனுப்பினார்கள். நம் நாட்டிலும் விமான நிலையப் பையில் தோட்டா கிடைத்து ஆயுதச் சட்டத்தில் வழக்கான ஆட்கள் உண்டு. தெரிந்தே வைத்திருந்தால்தான் அது ‘உடைமை’ என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னதை வைத்து, பலர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை ரத்து செய்ய வைத்திருக்கிறார்கள். வழக்கு ரத்தாகலாம், போன விமானம் போனதுதான்.

1992-ல் வந்த ‘எல் மரியாச்சி’ படத்தின் கதையே இதுதானே: ஒரே மாதிரி இரண்டு கிடார் பெட்டி, ஒன்றில் கிடார், இன்னொன்றில் துப்பாக்கிகள்.

ஆகவே, வீட்டில் கிடக்கிற பையை இதற்கு மாற்றுவதற்கு முன்னாடி ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள்: இதே பையை வீட்டில் வேறு யாராவது வேறு எதற்காவது எடுத்துப் போவார்களா? ஆமாம் என்றால் அந்தப் பை வேண்டாம். இல்லை என்றால், அதன் மேல் பளிச்சென்று ஒரு டேப்பைச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை திரும்பியதும் எல்லா அறையையும் திறந்து, கவிழ்த்து, உதறிப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவி, கார் டிக்கியிலோ பூட்டிய அலமாரியிலோ தனியாக வைத்துவிடுங்கள். பை கிழிகிற வரைக்கும் அதுக்கு அந்த ஒரு வேலைதான்.