அந்த நூறு வெள்ளிப் பற்றுச்சீட்டு

2024 அக்டோபர் 3ஆம் தேதி. பல்கலைக்கழகக் கேண்டீனில் நாங்கள் ஐந்து பேர் ஒரே கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறைத்தண்டனை என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அரசாங்கத் தரப்பு கேட்டது ஆறு முதல் ஏழு மாதம். எட்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது தற்காப்புத் தரப்பு. உயர் நீதிமன்ற நீதிபதி வின்சென்ட் ஹூங் இரண்டையும் ஏற்கவில்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. தமிழ் நிகழ்ச்சி மேடைகளில் பார்த்துப் பழகிய முகம் அது. பிறகு ஒரு நண்பர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “விடுங்கப்பா, எல்லாரும் இப்படித்தான். இவர் மாட்டிக்கிட்டார், அவ்வளவுதான்.”

நானும் தலையாட்டினேன். அதே மாதம் முடிவதற்குள், நான் எதற்குத் தலையாட்டினேன் என்பது எனக்கே புரிந்தது.

சலிப்புக்குக் காரணம் உண்டு

இளையர்கள் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. 2023 ஜூலை 11ஆம் தேதி ஈஸ்வரனை லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு கைதுசெய்தது. 17ஆம் தேதி நாடாளுமன்ற நாயகர் டான் சுவான் ஜின்னும் மசெக உறுப்பினர் செங் லி ஹுவியும் தகாத உறவு காரணமாகப் பதவி விலகினர். இரண்டே நாளில், பாட்டாளிக் கட்சியின் லியோன் பெரேராவும் நிக்கோல் சியாவும் அதே போன்ற காரணத்துக்காகக் கட்சியிலிருந்து விலகினர். 2025 பிப்ரவரியில், நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாகப் பாட்டாளிக் கட்சித் தலைவர் பிரித்தம் சிங் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, இரு குற்றச்சாட்டுகளுக்கும் தலா 7,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லை. ஈஸ்வரனுக்கு முன்பு, அமைச்சர் நிலையில் இருந்த ஒருவர் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டது 1975ல். அவர் சுற்றுப்புறத் துணை அமைச்சராக இருந்த வீ தூன் பூன். அப்போது எங்கள் பெற்றோர்கூடச் சிறு பிள்ளைகள். “இங்கே இதெல்லாம் நடக்காது” என்று கேட்டே வளர்ந்த தலைமுறைக்கு இத்தனையும் இரண்டே ஆண்டில் வந்தால் சலிப்பு வராமல் என்ன செய்யும்?

பதிலுக்கு எதுவும் செய்யாவிட்டாலுமா?

ஈஸ்வரன் வழக்கில் இரண்டு விவரங்கள் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன.

முதலாவது, 165ஆவது சட்டப் பிரிவு. அவர் பெற்றவை காற்பந்து ஆட்டம், இசை நாடகங்கள், எஃப்1 கார் பந்தயம் ஆகியவற்றுக்கான நுழைவுச்சீட்டுகள், விஸ்கி, ஒயின், ஒரு பிராம்டன் சைக்கிள் முதலியவை. தொழிலதிபர்கள் ஓங் பெங் செங், லம் கோக் செங் ஆகியோரிடமிருந்து பெற்ற அவற்றின் மொத்த மதிப்பு 400,000 வெள்ளிக்கும் மேல். தொடக்கத்தில் இருந்த இரண்டு ஊழல் தடுப்புச் சட்டக் குற்றச்சாட்டுகள் பின்னர் தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவுக்கு மாற்றப்பட்டன. தம் அலுவலோடு தொடர்புடையவரிடமிருந்து விலைமதிப்புள்ள பொருளை அரசாங்கப் பணியாளர் இலவசமாகப் பெறுவதே அப்பிரிவின்படி குற்றம். பதிலுக்கு அவர் சலுகை காட்டினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எஃப்1 பந்தயத்துக்கான அரசாங்க வழிநடத்தும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஈஸ்வரன். பந்தயத்தை நடத்தும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குதாரர் ஓங்.

இரண்டாவது விவரம் 5,700 வெள்ளி பற்றியது. 2022 டிசம்பரில் ஓங்கின் அழைப்பின்பேரில் அவரது தனி விமானத்தில் தோஹா சென்ற ஈஸ்வரன், நிறுவனச் செலவில் வணிக வகுப்பில் திரும்பினார். ஐந்து மாதம் கழித்து, அந்தப் பயண விவரம் புலனாய்வு அதிகாரிகளின் கைக்குப் போனதை அறிந்த பிறகு, விமானக் கட்டணமான 5,700 வெள்ளியைச் செலுத்தினார். காலங்கடந்து கட்டிய அந்தப் பணமே நீதிக்கு இடையூறு விளைவித்த குற்றச்சாட்டானது.

பதிலுக்கு ஒன்றும் செய்யாதபோது பரிசு வாங்குவதில் என்ன தவறு என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கவைத்தது என் சொந்த அனுபவம்.

என் பைக்குள் இருந்தது

நான் எங்கள் பல்கலைக்கழக மாணவர் மன்றம் ஒன்றின் துணைப் பொருளாளர். அந்தத் தீபாவளி விருந்துக்கு மூன்று கடைகளிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்ன கடைக்கே உணவு ஒப்பந்தம் கொடுத்தோம். நிகழ்ச்சி முடிந்ததும் கடைக்காரர் ஒரு பலகாரப் பையை என்னிடம் நீட்டினார். “வீட்டுக்குக் கொண்டு போம்மா, தங்கச்சி மாதிரி நீ.” வீட்டில் பிரித்தபோது முறுக்கு டப்பாவுக்கு அடியில் நூறு வெள்ளிப் பற்றுச்சீட்டு இருந்தது.

என் அம்மா தாதி. நோயாளியின் குடும்பத்தார் அங்பாவ் நீட்டினால் கைகூப்பி மறுத்துவிடுவார். “இதை எதுக்கு வாங்கினே?” என்றார். ஒப்பந்தம் முன்பே முடிந்துவிட்டது, பதிலுக்கு நான் எதுவும் செய்யவில்லை என்றேன். எல்லாரும் வாங்குவதுதானே என்றும் சொன்னேன். அம்மா அதற்கு மேல் பேசவில்லை.

சில வாரங்களில் பொங்கல் விழாவுக்கான கூட்டம். அதே கடையை நான் முன்மொழிந்தேன். முதலாமாண்டுத் தம்பி ஒருவர் கையை உயர்த்தினார். “அக்கா, ஏன் மறுபடியும் அதே கடை?”

“விலை குறைவு.” அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே ஒட்டவில்லை. பற்றுச்சீட்டு என் பைக்குள்தான் இருந்தது. நான் நேர்மையாகத்தான் பேசுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கு அதை அறிய என்ன வழி? பற்றுச்சீட்டைப் பற்றித் தெரிந்திருந்தால் என் சொல்லை அவர் ஏன் நம்ப வேண்டும்?

ஓர் அமைச்சரின் செயலையும் ஒரு மாணவியின் செயலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பதவி உயர உயரப் பொறுப்பும் கூடும் என்பதைத்தான் நீதிபதியும் வலியுறுத்தினார். ஆயினும் 165ஆவது பிரிவு ஏன் இருக்கிறது என்பது அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது. வாங்கியவரின் மனத்தைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. வாங்காமல் இருந்தால், அல்லது வாங்கியதை உடனே சொல்லிவிட்டால், பார்க்க வேண்டிய தேவையே எழாது.

அன்றே கூட்டத்தில் பற்றுச்சீட்டை மேசைமீது வைத்து நடந்ததைச் சொன்னேன். முகம் எரிந்தது. மறுநாள் அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். கடையைத் தேர்ந்தெடுக்கும் முடிவை நான் இல்லாமலேயே குழு எடுத்தது. விலை குறைவு என்பதால் அதே கடைதான் தேர்வானது. ஆனால் இம்முறை காரணத்தை யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

வாக்குச்சீட்டு வருமுன்

2025 மே 3ஆம் தேதி பொதுத் தேர்தலில் எனக்கு வாக்கில்லை. 21 வயது நிரம்பவில்லை. மசெகவின் வாக்கு விகிதம் 61.24லிருந்து 65.57 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பாட்டாளிக் கட்சியும் தன் தொகுதிகளைத் தக்கவைத்துக்கொண்டது. தவறு தண்டிக்கப்பட்டதைப் பார்த்து மக்கள் நிம்மதி அடைந்தார்களா, அல்லது நமக்கென்ன என்று ஒதுங்கிக்கொண்டார்களா? வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். “எல்லாரும் இப்படித்தான்” என்பது விவரம் தெரிந்தவர் பேச்சுப்போல ஒலிக்கிறது. உண்மையில் அது தவறு செய்பவருக்கு நாம் கொடுக்கும் அனுமதி. கேண்டீனில் அமைச்சரைப் பற்றிச் சொன்னபோது நான் தலையாட்டிய அதே வார்த்தையைத்தான் வீட்டில் பற்றுச்சீட்டுக்குச் சாக்காகச் சொன்னேன்.

அரசியல்வாதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கேள்வி கேளுங்கள். யார் எதைப் பெற்றார், எப்போது சொன்னார் என்று பாருங்கள். அந்தப் பழக்கத்தை மாணவர் மன்றத்திலும் விளையாட்டுக் குழுவிலும் இப்போதே தொடங்கலாம். 21 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பி இன்றும் என் கணக்கை இரண்டு முறை சரிபார்க்கிறார். முதலில் எனக்குக் கொஞ்சம் வலித்தது. இப்போது கணக்கேட்டை அவர் கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுகிறேன்.