நோபல் பரிசு இருந்தும் ஆட்கள் தங்கவில்லை

‘மார்க் இருக்கிறதே, அப்புறம் குரூப் டிஸ்கஷன் எதற்கு?’ என்று அலுத்துக்கொள்ளும் இறுதியாண்டு மாணவர்கள், வில்லியம் ஷாக்லியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனால், அதைச் செய்து காட்டியவர்கள் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும். தன் குழு ஜெயித்ததில் மகிழ வேண்டியவர், காப்புரிமையில் தன் பெயர் இல்லையே என்று குமைந்தார். தனியே உட்கார்ந்து, அடுத்த சில வாரங்களில் அதைவிட மேலான இன்னொரு டிரான்சிஸ்டருக்கு வழி கண்டுபிடித்தார். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால், பார்டீன் 1951இல் வேலையை விட்டே போனார். பிராட்டெய்ன் வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டார். ஷாக்லி எதிர்பார்த்த பதவி உயர்வும் வரவில்லை.

1956இல் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஷாக்லி தனி ஆய்வகம் தொடங்கினார். பெல்லில் உடன் வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டார், யாரும் வரவில்லை. நாடெங்கும் தேடி இளைஞர்களைப் பொறுக்கி எடுத்தார். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். திறமைசாலியை அடையாளம் காண்பதில் அவர் கண் தப்பியதில்லை. அந்த ஆண்டே பார்டீன், பிராட்டெய்னோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கெட்டிக்காரர்களைச் சேர்த்தவருக்கு அவர்களை நம்பத் தெரியவில்லை. அவர்கள் கண்டு சொன்னது சரிதானா என்று, அவர்கள் எதிரிலேயே பழைய ஆய்வகத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார். பெண் ஊழியர் ஒருவர் கையில் ஏதோ கீறி ரத்தம் வந்தபோது, இது சதி என்று முடிவுகட்டி, பொய் கண்டறியும் சோதனைக்கு வரச் சொன்னார். கடைசியில் பார்த்தால், கதவில் தலை உடைந்து நின்ற ஒரு நோட்டீஸ் பின்!

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் ஒன்றாக ராஜினாமா செய்து ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். முதலில் கிளம்பியது ஏழு பேர்தான். புது கம்பெனி என்றால் முன்னால் நிற்க ஒருவர் வேண்டுமே! ஏழு பேரும் மூளைக்காரர்கள். ஆனாலும் தேடிப்போய் நாய்ஸைத்தான் அழைத்தார்கள். ஷாக்லியிடம்கூட முறைத்துக்கொள்ளாமல் காலம் தள்ளியவர் அவர். 1968இல் மூரும் நாய்ஸும் இன்டெல்லைத் தொடங்கியபோது, அங்கே அதிகாரிகளுக்கென்று தனி பார்க்கிங்கூடக் கிடையாது.

ஷாக்லியின் ஆய்வகம் லாபம் என்பதையே பார்க்காமல் 1960இல் கைமாறியது.