டயரைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்?

காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். விசயநகர காலத்து ஓவியங்களைக் கொண்ட சமணக் கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அங்கு வருவதுண்டு. சென்ற மழைக்காலத்தில் நான் போனது வேறு காரியமாக. என் மாணவர் ஒருவருடைய தந்தை, பல ஆண்டுகள் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர், இப்போது ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பு நடத்துகிறார். பிக்கப் என்று எல்லாரும் சொல்லும் வண்டிதான். தறிச் சாமான், நூல் மூட்டை, கலியாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவார். போகும் வழியில் மழையில் அரித்துப்போன தரைப்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டி தரையில் இடிக்கிறது.

"சார், டயரைப் பெருசாப் போட்டா வண்டி தூக்கி நிக்கும் இல்ல? ஸ்பிரிங் எல்லாம் மாத்த வேணாம், டயர் மட்டும் போதும்னு சொல்றாங்க. நீங்க பௌதிகம் சொல்லிக் குடுக்கறவரு, சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர்.

நான்கு டயர் என்பது அவருக்குப் பெரிய செலவு. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியவில்லை. அன்று அவர் வீட்டுத் திண்ணையில், பையனின் நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கை இங்கு உங்களுக்கும் தருகிறேன். நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். அந்த வண்டியின் டயரில் 215/75 ஆர் 15 என்று இருந்தது. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது சுமார் 161 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். கடைசியில் உள்ள 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில்! ஒரே வரியில் மில்லிமீட்டரையும் சதவீதத்தையும் அங்குலத்தையும் கலந்து எழுதும் வழக்கம் எப்படி நிலைத்ததோ, தேர்வில் என் மாணவர்கள் இப்படி எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன். 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர்களைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர்.

அவருக்கு இரண்டு யோசனைகள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று 235/75 ஆர் 15. இதன் விட்டம் 733.5 மில்லிமீட்டர், பழையதைவிட 4.3 சதவீதம் அதிகம். மற்றொன்று 31 அங்குல உயரமும் 10.5 அங்குல அகலமும் கொண்ட முரட்டு டயர். அதன் விட்டம் 787 மில்லிமீட்டர், சுமார் 12 சதவீதம் அதிகம்.

வண்டி எவ்வளவு உயரும்? விட்டம் கூடியதில் பாதிதான். அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறதல்லவா? ஆகவே முதல் டயரால் கிடைப்பது 15 மில்லிமீட்டர், இரண்டாவதால் 42 மில்லிமீட்டர். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை வைத்து வண்டியைத் தூக்கினால் உடல்தான் உயரும். அச்சோடு பிணைந்த டிஃபரன்ஷியல் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தப் பெட்டியை உயர்த்த வேண்டுமானால் டயரைத் தவிர வேறு வழியில்லை. அவருடைய யோசனையின் வேர் சரியானதுதான்.

இனி, அந்த 42 மில்லிமீட்டருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

தறியில் நெய்த சேலையைப் படைமரத்தில் சுருட்டிக்கொண்டே போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். தொடக்கத்தில் மரம் வெறுமையாக இருக்கும்போது ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் துணியே உள்ளே போகும். சேலை வளர வளரச் சுருள் பருத்துவிடும்; அதே ஒரு சுற்று இப்போது அதிகத் துணியை இழுத்துக்கொள்ளும். சுற்றுகளை மட்டும் எண்ணிச் சேலையின் நீளத்தைச் சொல்ல முற்பட்டால் கணக்குத் தவறும். வண்டியின் வேகமானி அந்தத் தவற்றைத்தான் செய்கிறது. அதற்குச் சாலை தெரியாது. சுற்றுகளை மட்டுமே தெரியும். பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 452 முறை சுற்றும். 31 அங்குல டயர் 404 முறைதான் சுற்றும். எனவே முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் டயரானால் 62.6. வேகமானிகள் பல இயல்பாகவே சற்று மிகையாகக் காட்டுபவை. 4 சதவீதப் பிழை அதற்குள் அமுங்கிப்போகலாம், 12 சதவீதம் அமுங்காது. தூரமானியும் இப்படியே குறைத்துக் காட்டும். 100 கிலோமீட்டர் ஓடியிருந்தால் 89 என்று சொல்லும். வண்டி டீசலை அதிகமாகக் குடிக்கிறது என்று டயர் மாற்றியவர்கள் குறைப்படுவதில் ஒரு பகுதி இந்த எண்ணிக்கைக் கோளாறே.

அடுத்தது இழுவை. எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் அச்சுக்குத் தருவது திருப்பு விசை. அது தரையில் தள்ளும் விசையாக மாறும்போது சக்கரத்தின் ஆரத்தால் வகுபடுகிறது. ஆரம் 12 சதவீதம் கூடினால் தள்ளும் விசை சுமார் 10½ சதவீதம் குறையும். முதல் கியரில் ஏறிய மேட்டில் இப்போது கிளச்சைத் தேய்க்க வேண்டிவரும்.

"ஆனா பெரிய சக்கரம் பள்ளத்துல சுலபமா ஏறும் இல்ல சார்?" என்று பையன் இடைமறித்தான். நல்ல கேள்வி. பழைய கட்டை வண்டியை நினைத்துப் பாருங்கள். ஆளுயரச் சக்கரம் அதற்கு எதற்காக? 100 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு படியில் சக்கரம் மெல்ல ஏறுவதாகக் கொள்வோம். டயரின் நெகிழ்வைக் கருதாமல் விட்டால், அச்சில் கிடையாகத் தரவேண்டிய விசையை நெம்புகோல் விதியால் கணக்கிட்டுவிடலாம். 1½ மீட்டர் விட்டமுள்ள மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு, அதன் மேலுள்ள பாரத்தில் 58 சதவீதம் போதும். நமது பழைய டயருக்கு 98 சதவீதம் வேண்டும். 31 அங்குல டயருக்கு? 89 சதவீதம். அதாவது தேவை 8½ சதவீதம் குறைகிறது. ஆனால் கையிலிருக்கும் தள்ளு விசையோ 10½ சதவீதம் குறைந்துவிட்டது! லாபத்தை நட்டம் விழுங்கிவிடுகிறது. மாடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, நுகத்தடியில் நேராக இழுக்கின்றன. ஆரம் பெரிதானாலும் அவற்றின் இழுவை குறையாது.

இதுவரை சொன்னவை பணத்தையும் பொறுமையையும் தொட்டவை. இனி வருவது உயிரைத் தொடுவது. சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

தேரோட்டத்தின்போது தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுவார்கள். அந்தக் கட்டை சக்கரத்தின் விளிம்பில், தரையோடு தரையாக வைக்கப்படுகிறது. விளிம்பிலேயே தடுப்பதால் சக்கரம் எவ்வளவு பெரியதாயினும் தடுப்பு நேராகப் பயன்படும். வண்டியின் பிரேக் அப்படியன்று; மையத்தின் அருகில் சிறிய வட்டத்தில் அது பிடிக்கிறது. டயர் பெரிதானாலும் அந்த வட்டம் பெரிதாவதில்லை. ஆகவே காலால் அதே அழுத்தம் கொடுத்தால் பிரேக்கின் திருப்பு விசை மாறாது. தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை மட்டும் ஆரத்துக்கேற்பக் குறையும்.

இத்துடன் வேகமானியின் பொய்யையும் சேருங்கள். நிறுத்தத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும், நிறுத்தும் விசைக்கு எதிர் விகிதத்திலும் அமையும். முள் அதே எண்ணைக் காட்டும்போது உண்மை வேகம் ஆரத்துக்கேற்பக் கூடுகிறது. அதன் வர்க்கம் ஆரத்தின் வர்க்கம். விசை குறைவதால் இன்னொரு ஆரம் பெருக்கலில் சேர்கிறது. ஆக, தூரம் ஆரத்தின் மூன்றாம் அடுக்காக, கன மடங்காக வளர்கிறது. டயர் 4.3 சதவீதம் பெரிதானால் தூரம் 13 சதவீதம் கூடும். 12 சதவீதம் பெரிதானால் 40 சதவீதம்!

எண்ணில் பார்ப்போம். முள் 60இல் இருக்கையில் பழைய டயரோடு, பிரேக் மிதித்த இடத்திலிருந்து 28 மீட்டரில் வண்டி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முள், அதே மிதி, 31 அங்குல டயர்: 39 மீட்டர். இடையிலுள்ள 11 மீட்டரில் ஒரு மாடு நிற்கலாம், சைக்கிளில் ஒரு பள்ளிப் பிள்ளை போகலாம். இன்னும் அழுத்தி மிதித்தால் ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். வெறும் வண்டியில் ஓரளவு முடியும். முழுப் பாரத்தோடு போகும்போது பிரேக்கில் அப்படி மிச்சமிருக்கும் வலு குறைவு. டயர் வியாபாரத்தில், விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 3 சதவீதத்தின் கன மடங்கு ஏறத்தாழ 9 சதவீதம். அந்தக் கைக்கணக்கு ஏன் அங்கேயே நிற்கிறது என்பது விளங்குகிறதல்லவா?

ஸ்பிரிங்கை மாற்ற வேண்டாம் என்று சொன்னார்களே, அதையும் பார்த்துவிடுவோம். ஸ்பிரிங் மாறாவிட்டால் அச்சுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. டயரின் மேல்விளிம்பு மட்டும் 42 மில்லிமீட்டர் மேலே ஏறி மட்கார்டை நெருங்கும். வெறும் வண்டியில் பார்த்தால் இடம் தாராளமாகத் தெரியும். கடையில் எல்லாரும் பார்ப்பது வெறும் வண்டியைத்தான். பாரம் ஏற்றினால் பட்டை ஸ்பிரிங் தட்டையாகும். பள்ளத்தில் விழுந்தால் ரப்பர் தடை வரை மடங்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் கடைசி வரை திரும்பியிருந்தால், 52 மில்லிமீட்டர் கூடுதல் அகலமுள்ள டயரின் மூலை தகட்டிலோ சட்டத்திலோ உராயத்தான் செய்யும். பக்கச் சுவர் உராய்ந்து உராய்ந்து ஒருநாள் வெடித்தால் அது முன் சக்கரமாகத்தான் இருக்கும். யாரேனும் மாற்றத் துணிந்தால், முழுப் பாரம் ஏற்றி, ஒரு முன் சக்கரத்தைக் கட்டையின்மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்த பிறகே துணிய வேண்டும்.

பெரிய டயர் அதிகப் பாரம் தாங்கும் என்பதும் உறுதியன்று. அளவுக்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கிறது. அந்த எண் 100 என்றால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோகிராம். 105 என்றால் 925. 109 என்றால் 1,030. சொகுசு வண்டிக்கான முரட்டு டயர் பார்வைக்குப் பெரிதாக இருந்து, சரக்கு வண்டி டயரைவிடக் குறைவாகத் தாங்கக்கூடும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு முரணாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது.

கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப பெட்டி இடிக்கறதுக்கு என்னதான் சார் வழி?" என்றார். அவர் கேட்டது நியாயம். வேண்டாம் என்று சொல்வது எளிது. வண்டி அடுத்த நாளும் அந்தத் தரைப்பாலத்தில்தானே இறங்க வேண்டும்?

வண்டியில் பாரம் இருந்தது. பின் அச்சின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொண்டோம். பிறகு காற்றழுத்தம் பார்த்தோம். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. "கல்லுமேல ஏறும்போது குலுங்காம இருக்கட்டும்னு நான்தான் கொஞ்சம் கம்மியா வெச்சேன்" என்றார். முழு அளவுக்குக் காற்றடித்து மறுபடி அளந்தால் அச்சு 11 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. டயரின் தேய்மானத்தையும் அளந்தோம்; பள்ளக் கோடுகளின் ஆழம் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். புதிய டயரில் அது 8 அல்லது 9 இருக்கும். பதினொன்றும் ஆறும் பதினேழு. 235 அளவு டயர் தருவதாகச் சொன்ன 15 மில்லிமீட்டரை, வேகமானியோ பிரேக்கோ மாறாமல், அவர் தம் பழைய அளவிலேயே பெறமுடியும்.

மறு வாரம் அதே அளவில் நான்கு புதிய டயர் மாட்டினார். தரைப்பாலத்தின் ஓரம் அரித்த இடத்தில் அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து உடைகல்லும் ஜல்லியும் கொட்டியிருக்கிறார்கள். அடுத்த மழை வரைக்கும் அது தாங்கும் என்று பையன் சொல்கிறான்.