சூட்டைக் கூட்டியது யார்?

1960-களின் தொடக்கம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இளம் மரபியலாளர் நுண்ணோக்கியில் கண்பதித்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பழ ஈயின் புழுவிலிருந்து எடுத்த உமிழ்நீர்ச் சுரப்பி. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சின்ன ஈதான். இந்தச் சுரப்பியில் குரோமோசோம்கள் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருக்கும். எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறதோ அந்த இடம் மட்டும் பூரி போல உப்பி நிற்கும். அன்று வழக்கமான உப்பல்களைக் காணோம். இதுவரை பார்த்தே இராத இடங்கள் உப்பியிருந்தன. விசாரித்தால், யாரோ ஒருவர் இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வேறொருவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மாதிரிகளைக் கொட்டியிருப்பார். ரிட்டோசா வேண்டுமென்றே சூட்டைக் கூட்டிப் பார்த்தார். சில நிமிடங்களிலேயே அதே உப்பல்கள் தோன்றின. புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்று, இதற்கு உயிரியல் முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1962-இல் வேறோர் இதழில் அது வெளியானது. உப்பிய மரபணுக்கள் தயாரிப்பது எதை என்று தெரிய இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. ஆல்ஃபிரெட் திஸ்யே குழுவினர் 1974-இல் அந்தப் புரதங்களை அடையாளம் கண்டார்கள். இன்று அவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர்.

அவை செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு முட்டை போதும். கண்ணாடி போல இருக்கும் வெள்ளைக்கரு, சூடான தோசைக்கல்லில் விழுந்ததும் வெளுத்து இறுகுகிறது. ஒழுங்காக மடிந்திருந்த புரத இழைகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதன் விளைவு அது. செல்லுக்குள் இருக்கும் புரதங்களில் சில இதைவிட மென்மையானவை. வழக்கத்தைவிட ஐந்தாறு டிகிரி கூடினாலே அவிழத் தொடங்கிவிடும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அவிழ்ந்தவற்றைப் பிடித்துக்கொண்டு, சிக்கு விழாமல் காத்து, மீண்டும் மடிய உதவுகின்றன. கல்யாணக் கூட்டத்தில் மணமகன் தடுமாறாமல் கூடவே நடக்கும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

செல்லுக்குச் சூடு எப்படித் தெரிகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. இந்த மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. சாதாரண நாட்களில் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பவை அந்த மாப்பிள்ளைத் தோழர்களே. சூடு ஏறி, அவிழ்ந்த புரதங்கள் பெருகியதும் தோழர்கள் அங்கே ஓடுகிறார்கள். பிடி விட்டதும் முடுக்கி விடுபட்டு, மேலும் தோழர்களைத் தயாரிக்க ஆணையிடுகிறது. ஆள் போதுமான அளவு சேர்ந்ததும் மறுபடி பிடிபட்டு அடங்குகிறது. தனியாக ஒரு வெப்பமானி தேவைப்படவில்லை.

ரிட்டோசாவின் 1962 கட்டுரையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. சூட்டை ஏற்றாமல், டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் அதே உப்பல்கள் தோன்றின. அந்த வேதிப்பொருள் கைவைப்பது மைட்டோகாண்ட்ரியாவில்.

மைட்டோகாண்ட்ரியாவை ‘செல்லின் ஆற்றல் மையம்’ என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்காத மாணவர் குறைவு. அந்த மையம் ஓடும் விதம் மேட்டூர் அணையை ஒத்தது. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியா தன் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தேக்குகிறது. அவை திரும்பிப் பாயும்போது டர்பைன் போன்ற ஒரு நொதி சுழன்று, செல்லின் செலவுப் பணமான ஏடிபியைத் தயாரிக்கிறது. டைநைட்ரோஃபீனால் அணையில் ஓட்டை போடுகிறது. நீர் டர்பைனைத் தொடாமல் வடிகிறது; ஆற்றல் முழுக்க வெறும் சூடாகப் போகிறது.

முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் காய்ச்சலும் வியர்வையுமாக மெலிந்தார்கள், சிலர் இறந்தார்கள். 1933-இல் அமெரிக்காவில் அதையே உடல் மெலியும் மாத்திரையாக விற்கத் தொடங்கினார்கள்! கண்புரையும் மரணங்களும் வரிசைகட்ட, 1938-இல் அது மருந்துச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இணையத்தில் கள்ளத்தனமாக இன்னும் விற்கிறார்கள். மாற்று மருந்து கிடையாது.

அணை உடைந்தால் அதை ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது. இன்றும் 37 மரபணுக்களைத் தன்னிடமே வைத்திருக்கிறது. மற்றபடி அதற்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வெளியிலிருந்துதான் வருகின்றன. அப்படி வருபவற்றில் ஒன்று பிங்க்1. ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்து, வெட்டி, அழித்துவிடும். அணை உடைந்து, உள்ளே இழுப்பதற்கான மின்னழுத்தம் போய்விட்டால் பிங்க்1 வெளிச்சவ்விலேயே தங்கிக் குவிகிறது. பூட்டிய வீட்டு வாசலில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் நாலு நாளாகக் கிடந்தால் பக்கத்து வீட்டாருக்குச் சந்தேகம் வருமே, அதே கதை. பார்க்கின் என்ற இன்னொரு புரதம் வந்து அடையாளச் சீட்டு ஒட்டும். செல் அந்த மைட்டோகாண்ட்ரியாவை முழுசாக விழுங்கிச் செரித்துவிடும்.

2008-இல் அமெரிக்காவில் டெரெக் நரேந்திரா, ரிச்சர்ட் யூல் ஆகியோர் இதில் பார்க்கினின் பங்கைக் காட்டியபோது பயன்படுத்தியதும் அணையில் ஓட்டை போடும் இன்னொரு வேதிப்பொருள்தான். இந்த இரண்டு புரதங்களின் மரபணுக்களில் பழுது இருப்பவர்களுக்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது. சந்தேகப்பட வேண்டிய பக்கத்து வீட்டார் இல்லாத தெரு என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

எல்லா நெருக்கடியும் கேடு என்று நினைப்பதும் சரியல்ல. உடற்பயிற்சியின்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் துகள்களை அடக்க வைட்டமின் மாத்திரை நல்லது என்பது பரவலான நம்பிக்கை. ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் 2009-இல் சுமார் 40 இளைஞர்களை 4 வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது மாத்திரை எடுக்காதவர்களுக்கு மட்டும்தான். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஆமோதிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கசிவு வெறும் கழிவல்ல, செல்லைத் தற்காப்புக்குத் தயார்படுத்தும் சேதியும்கூட என்ற கருத்து வலுப்பட்டிருக்கிறது.

சேதிக்காகக் காத்திராத உயிரும் இருக்கிறது. சஹாராவின் வெள்ளி எறும்பு, பல்லிகளே வெயில் தாங்காமல் வளைக்குள் பதுங்கும் நண்பகலில்தான் இரை தேட வருகிறது. வெயிலில் சுருண்டு செத்த பூச்சிகள்தான் அதற்கு விருந்து. 50 டிகிரியைத் தாண்டும் உடல் வெப்பத்தையும் தாங்கும். சுட்ட பிறகு வெப்ப அதிர்ச்சிப் புரதம் செய்ய அதற்கு அவகாசம் கிடையாது. எனவே அது முன்கூட்டியே, சூடு ஏறாத நிலையிலேயே அவற்றைச் செய்து வைத்துக்கொள்கிறது என்று வால்டர் கேரிங், ருடிகர் வேனர் இருவரும் 1995-இல் எழுதினார்கள். வளையைவிட்டு வெளியே வரும்போதே அதன் செல்களில் தோழர்கள் நிறைந்திருக்கிறார்கள். சில நிமிடங்கள் மணலில் தலைதெறிக்க ஓடி, கிடைத்ததைக் கவ்விக்கொண்டு வளைக்குத் திரும்பிவிடும்.