பைனாகுலரை அளந்து பார்த்து வாங்குங்கள்

இணையக் கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு விற்கும் பைனாகுலர்களின் விளம்பரங்களைப் பாருங்கள். 60 மடங்கு, 100 மடங்கு, இரவிலும் பளிச்சென்று தெரியும், நீண்ட தூர வேட்டைக்கு ஏற்றது என்று வாசகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது இந்தியாவில் குற்றம். இங்கே இந்தக் கருவி தேவைப்படுவது வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் பறவை பார்க்கப் போகிறவர்களுக்குத்தான். அப்படியிருந்தும் வேட்டை என்ற சொல்லைப் போடுவது, வெகுதூரம் தெரியும் என்று வாங்குபவரை நம்பவைக்க. அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்துவது பெருக்க எண். ஏமாற்று பெரும்பாலும் அந்த ஓர் எண்ணில்தான் ஒளிந்திருக்கிறது. அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் வழியும் இருக்கிறது.

8×42 என்றால் 8 மடங்கு பெருக்கம், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். பெருக்கம் கூடக் கூட நம் கை நடுக்கமும் அதே அளவு பெருகும், பார்வைப் பரப்பு குறுகும். சட்டப்படி வேட்டை நடக்கும் அமெரிக்காவின் மேற்கு மலைகளில், எதிர்ச்சரிவில் நிற்கும் மானை மணிக்கணக்காகத் தேடுகிறவர்கள்கூடக் கையில் பிடிப்பது பெரும்பாலும் 10×42தான். 15×56 போன்றவற்றை அவர்கள் முக்காலியில் பொருத்தித்தான் பார்க்கிறார்கள். இன்னொன்று வெளிச்சம். லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42இல் அது 5.25 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கலில் நம் கண்பாவை ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும் என்பதால் காட்சி துலங்கும். 60×60 என்று விற்பதில் விளம்பரம் உண்மையாக இருந்தால் அந்த ஒளிக்கற்றை 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அந்த நேரத்தில் இருட்டுதான் தெரியும். ஆக, எண் உண்மையானால் கருவி கைக்கு உதவாது. ஓரளவு தெளிவாகத் தெரிந்தாலோ எண் பொய்.

பொய்யை அளக்க ஓர் அடிக்கோல் போதும். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் பக்கத்து லென்ஸில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் விட்டத்தையும் முன்பக்க லென்ஸின் விட்டத்தையும் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவதே பெருக்கம். 40 மில்லிமீட்டர் லென்ஸ், 4 மில்லிமீட்டர் வட்டம் என்றால் பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது 10 மடங்குக்கு மேல் இல்லை. இது துல்லியமான ஆய்வக அளவு அல்ல என்று விற்பவர் வாதிடலாம். மலிவான கருவிகளில் உள்ளே இருக்கும் தடுப்பு வளையங்கள் வெளிச்ச வட்டத்தைச் சுருக்குவதால், இந்தக் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலான பெருக்கத்தைத்தான் காட்டும். பிழை விற்பவருக்குச் சாதகமானது. அந்தச் சலுகைக்குப் பிறகும் 60 எட்டவில்லையென்றால் சொல்ல அவரிடம் என்ன மிச்சம்? அந்த வட்டம் ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால், உள்ளே இருக்கும் பட்டகங்கள் மட்டமான கண்ணாடி என்பதும் தெரிந்துவிடும்.

இந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்ப்பது என்று கேட்பவர்கள் உண்டு. குறைந்த விலைக்குக் குறைந்த தரம் நியாயம்தான், அதை யாரும் தடுக்கவில்லை. குறைந்த விலைக்குப் பொய் சொல்லலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. இரண்டு குழல்களும் ஒரே திசையில் ஒத்துப்போகாத கருவியில் சிறிது நேரம் பார்த்தாலே தலைவலி வரும். எந்தப் பைனாகுலரிலும், விலை உயர்ந்ததானாலும், சூரியனை ஒரு நொடி பார்த்தாலே விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்வது தவறான விளம்பரம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் இணைய விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். எனவே விளம்பரப் பக்கத்தை அப்படியே படமெடுத்து வையுங்கள், விலைப்பட்டியலையும் பெட்டியையும் எறியாதீர்கள், அடிக்கோலோடு சேர்த்து அந்த வெளிச்ச வட்டத்தையும் படமெடுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆயிரம் ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவது என்ற தயக்கம்தான் இப்படி விற்பவர்களின் முதலீடு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். பணத்தோடு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள்.