விண்வெளி நிலையத்தைத் தாங்கும் தரை

சர்வதேச விண்வெளி நிலையம் என்றதும், அங்கே மிதக்கும் வீரர்கள்தாம் நம் நினைவுக்கு வருவார்கள். சுமார் 400 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அந்த நிலையம், 2000 நவம்பர் முதல் ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. இதற்குப் பின்னால், தரையில் இரவு பகலாக விழித்திருக்கும் பெரும் அமைப்பு ஒன்று இருக்கிறது.

எங்கிருந்து இயக்குகிறார்கள்?

அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், மாஸ்கோவை அடுத்த கொரோல்யோவிலும் முதன்மைக் கட்டுப்பாட்டு மையங்கள் உள்ளன. ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தை ஜெர்மனியிலிருந்தும், ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்தை சுகுபா நகரிலிருந்தும் கவனித்துக் கொள்கிறார்கள். அமெரிக்கத் தரப்பின் அறிவியல் சோதனைகளை ஒருங்கிணைப்பது அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மையம்.

பேச்சு எப்படி வந்து சேர்கிறது?

நிலையம் மிக வேகமாகச் செல்வதால், தரையிலுள்ள ஓர் ஆன்டெனாவின் பார்வையில் அது சில நிமிடங்களே இருக்கும். எனவே, ஹூஸ்டனுக்கான சமிக்ஞை நேராகக் கீழே வருவதில்லை. முதலில் மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் தொடர்பு செயற்கைக்கோள்களுக்குப் போகிறது. அங்கிருந்து நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ், பசிபிக் தீவான குவாம் ஆகிய தரைநிலையங்களில் இறங்கி, பிறகுதான் ஹூஸ்டனை அடைகிறது.

தரையில் மின்சாரம் போனால்?

2023 ஜூலை 25 அன்று அதுதான் நடந்தது. ஹூஸ்டனில் மின் மேம்பாட்டுப் பணியின்போது மின்சாரம் தடைபட்டு, நிலையத்துடனான தொடர்பு அறுந்தது. சுமார் 20 நிமிடங்களுக்குள், ரஷ்யத் தொடர்பு அமைப்பின் வழியாக வீரர்களுக்குச் செய்தி சொல்லப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மாற்று ஏற்பாடு பொறுப்பேற்றது. வீரர்களுக்கு ஆபத்து ஏதுமில்லை. நாடுகளுக்கிடையே கசப்பு நிலவிய காலத்திலும் ஒருவரின் குறையை மற்றவரின் அமைப்பு ஈடுசெய்தது.

தொழுகை நேரமும் தரையிலிருந்தே

2007 அக்டோபரில், ரமளான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகூர் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டார். ஒரே நாளில் சுமார் 16 முறை சூரியன் உதிக்கும் இடத்தில் ஐவேளைத் தொழுகையை எப்படிக் கணக்கிடுவது? வீரர் புறப்பட்ட இடத்தின் நேரத்தைப் பின்பற்றலாம் என மலேசிய அறிஞர்கள் வழிகாட்டினார்கள். கட்டளைக்கும் பேச்சுக்கும் மட்டுமல்ல, வணக்கத்தின் நேரத்துக்கும் அவர் பூமியையே சார்ந்திருந்தார்.